கிழக்கேகோட்டைத் தமிழனும் அல்பேனிய வாத்தியார் மகனும்

ஆபீஸில் ஆணி அதிகம். எழுதி மாசக்கணக்காகிவிட்டது. இன்றைக்கு உட்கார்ந்து எழுத வைத்தது கோபம். யார் மேல் என்றால், முதலில் என் மேல். அப்புறம் என்னை மாதிரி திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து கிளம்பி துபாய், பஹ்ரைன், நியூ ஜெர்சி, ஜூரிச் என்று பொட்டி தட்டப் போன உங்கள் எல்லார் மேலும். திட்டுகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

இங்கே ஜூரிச்சில் புதன்கிழமை மத்தியானம் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அந்த நேரத்தில்தான் மகளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போவேன். நடத்துகிறவர்கள் ஈழத்துக்காரர்கள். சண்டையில் வீடு வாசலை விட்டு வந்த இடத்தில் முதலில் கடையைத் திறந்தார்களா, தமிழ் வகுப்பைத் திறந்தார்களா என்று தெரியாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் நடந்திருக்கும். (என் மகள் இப்போது என்ன கேட்டாலும் ‘ஓம்’ என்கிறாள். நாகர்கோவிலில் இருக்கிற பாட்டி, ‘இந்தக் குட்டி என்னடே எப்பப் பாத்தாலும் மந்திரம் சொல்லுது?’ என்று போனில் கேட்டாள்.)

அதே கட்டடத்தில் பக்கத்து அறையில் அல்பேனிய மொழி வகுப்பு. உள்ளே பிள்ளைகள் படிக்கும்போது வெளியே பெஞ்சில் அப்பாக்கள். அப்படித்தான் அந்தக் கொசோவோக்காரர் பழக்கமானார். எலக்ட்ரீஷியன். எங்கள் இருவருக்கும் பொது மொழி உடைந்த ஜெர்மன். மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் இனிப்பு கொண்டுவந்தார். என்ன விசேஷம் என்று கேட்டேன். மார்ச் 7 அவர்களுக்கு ஆசிரியர் தினமாம். 1887-ல் அந்த நாளில்தான் கோர்ச்சா என்ற ஊரில் முதல் அல்பேனிய மொழிப் பள்ளிக்கூடம் திறந்தார்களாம். அப்போது துருக்கி சுல்தான் ஆட்சி. ஒரு பள்ளிக்கூடம் திறந்த நாளை ஒரு இனம் முழுக்க இன்றைக்கும் இனிப்புக் கொடுத்துக் கொண்டாடுகிறது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவருடைய அப்பா கிராமத்தில் கணக்கு வாத்தியார். 1989-ல் கொசோவோவின் தன்னாட்சியைப் பறித்தார்கள். அதைத் தொடர்ந்து பெல்கிரேடு தன் பாடத்திட்டத்தைத் திணித்தது. ஏற்க மாட்டோம் என்ற அல்பேனிய ஆசிரியர்களுக்குச் சம்பளம் நின்றது, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலையும் போனது. 1991-ல் பிரிஸ்டினா பல்கலைக்கழகத்தின் கதவும் சாத்தப்பட்டது. கொசோவோவுக்குள் அவர்கள்தான் பெரும்பான்மை, ஆனால் யூகோஸ்லாவியக் கணக்கில் சிறுபான்மை. வேலை போன வாத்தியார்கள் வீட்டுக்கூடத்தில், கார் ஷெட்டில், நிலவறையில் வகுப்பு எடுத்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தொண்ணூறுகள் பூராவும். செலவுக்கு? வெளிநாட்டில் வேலை பார்த்த அல்பேனியர்கள் வருமானத்தில் 3 சதவீதம் கொடுத்தார்கள். இந்த சுவிட்சர்லாந்திலிருந்தும்தான் போயிருக்கிறது.

‘எங்க வீட்டு ஹாலில் கரும்பலகை இருந்தது. ஹீட்டர் கிடையாது. பிள்ளைகள் கோட்டைக் கழற்றாமலே உட்காருவார்கள்’ என்றார். அதற்கப்புறம் கேட்டார்: ‘உங்கள் ஊரில் உங்கள் மொழிக்குத் தடையா?’

இல்லை என்றேன்.

‘பள்ளிக்கூடம் கிடையாதா?’

இருக்கிறது, அரசாங்கமே நடத்துகிறது என்றேன்.

‘அப்புறம் ஏன் உன் எழுத்தை உன் மகள் திருத்துகிறாள்?’

போன வாரம் மகளின் நோட்டில் நான் ‘கருப்பு’ என்றும் ‘கறுப்பு’ என்றும் மாற்றி மாற்றி எழுதி முழித்ததை அந்த ஆள் கவனித்திருக்கிறார். இரண்டும் சரிதான் என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் தெரியவில்லையே!

நான் பிறந்து வளர்ந்தது கிழக்கேகோட்டை. பழவங்காடி கணபதி கோவிலில் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்கிற தூரத்தில் வீடு. அப்பாவுக்குச் சாலைக் கம்போளத்தில் பலசரக்குக் கடை. திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய அந்தக் கடைத்தெருவில் தமிழ் கேட்காத நாள் ஒன்று இருந்திருக்காது. கோட்டைக்குள் போனால் அக்ரஹாரத் தெருக்கள், வெளியே வந்தால் நாஞ்சில்நாட்டு வெள்ளாளர், நாடார், செட்டியார் கடைகள், சுமட்டுத் தொழிலாளிகள். நகுலன் ஆங்கிலம் கற்பித்தபடி எழுதியதும், நீல. பத்மநாபன் மின்வாரியத்தில் வேலை பார்த்தபடி ‘பள்ளிகொண்டபுர’த்தை எழுதியதும், ஆ. மாதவன் சாலையில் பாத்திரக் கடையில் உட்கார்ந்தபடி ‘கடைத்தெருக் கதைகள்’ எழுதியதும் இந்த ஊரில்தான். மாதவன் 2021-ல் போய்விட்டார். அவர் கடை வழியாகப் பல தடவை நடந்திருக்கிறேன். உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்று எனக்கு இருபத்தைந்து வயது வரை தெரியாது. தமிழ் படிக்கிறவனுக்குத்தானே தெரியும்.

இப்போது சொல்லப்போவதுதான் கோபத்துக்குக் காரணம்.

நான் நாலாம் வகுப்பு வரை தமிழ் டிவிஷனில் படித்தேன். எங்கள் தமிழ் ஸார் (எங்கள் ஊரில் வாத்தியார் கிடையாது, ஸார்தான்) மே மாசக் கடைசியில் ஒரு பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அட்டக்குளங்கரை, மணக்காடு, கரிமடம் காலனி, வலியசாலை, ஒரு தெரு பாக்கி விடாமல் போவார். ‘பிள்ளை ஒண்ணாங் கிளாஸ் போகுதா? தமிழ்ல சேர்த்துடுங்க’ என்று வாசலில் நின்று கேட்பார். ஏனென்றால் ஜூனில் பள்ளி திறந்த கொஞ்ச நாளில் தலை எண்ண வருவார்கள். தலை குறைந்தால் ‘டிவிஷன் ஃபால்’. கேரளத்துப் பள்ளி வாத்தியார்களுக்கு இதைவிடப் பயங்கரமான வார்த்தை வேறு இல்லை. ஒரு டிவிஷன் போனால் ஒரு தஸ்திகை போகும், ஆளை வேறு எங்காவது தள்ளுவார்கள். மலையாள டிவிஷன் விழுந்தால் பக்கத்துப் பள்ளியில் இன்னொன்று இருக்கும். தமிழ் டிவிஷன் ஒரு தடவை விழுந்தால் மறுபடி எழும்புவதில்லை.

அவர் பார்த்தது வேலையைக் காப்பாற்றிக்கொள்கிற பாடு மட்டும்தான் என்று யாராவது சொன்னால் அவரை எனக்குத் தெரியாது என்று அர்த்தம். தமிழ்ப் பாடநூல் ஓணப் பரீட்சை முடிந்த பிறகு வந்த வருஷம், பழைய பிள்ளைகளிடமிருந்து நூல்களை வாங்கி, கிழிந்த பக்கங்களைத் தம் கையால் எழுதி ஒட்டிக் கொடுத்தார். புத்தகம் வரவில்லை என்று மேலிடத்துக்குத் தமிழில் மனு எழுதுவார். ‘மலையாளத்துல எழுதினா சீக்கிரம் படிப்பாங்களே ஸார்’ என்று சொன்னவர்களுக்கு, ‘படிக்கத் தெரிஞ்ச ஆளை அங்க வைக்கணும்னுதானே எழுதுதேன்’ என்று பதில்.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போகும்போது அப்பா என்னை ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்க்க முடிவு செய்தார். இரண்டாம் மொழி மலையாளம். ஸார் கடைக்கே வந்துவிட்டார். நான் உள்ளே மிளகாய் வத்தல் மூட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

‘அண்ணாச்சி, பையனை எடுத்துட்டா கிளாஸ்ல ஒரு தலை குறையும்.’

‘ஸார், நாங்க இங்க பிழைக்க வந்தவங்க. பய நாளைக்கு இந்த ஊர்ல உத்தியோகம் பாக்கணும்லா.’

‘பிழைக்க வந்தவங்களா? உங்க தாத்தா எந்த ராஜ்யத்துப் பிரஜை?’

அப்பா பதில் சொல்லவில்லை. சரக்கு எடை போட்டார். நான் அந்தப் பள்ளியை விட்டு வந்தேன். அந்த ஜூனில் ஐந்தாம் வகுப்புத் தமிழ் டிவிஷன் விழுந்தது. என் ஒரு தலையால்தான் விழுந்தது என்று சொல்ல மாட்டேன். சாலையில் தராசு பிடித்த முதலாளிகள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அந்த இரண்டு மூன்று வருஷத்தில்தான் வெளியேறினோம். மிஞ்சியவர்கள் சுமட்டுத் தொழிலாளிகளின் பிள்ளைகள். மேடையில் தமிழ்ச் சங்கத்துக்கு நன்கொடை கொடுத்த அப்பாக்களும் அதே அப்பாக்கள்தான்.

ஸார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ‘பாண்டி’ என்று வகுப்பில் கூப்பிட்டால் நாம் தலையைக் குனிந்துகொண்டோமே, ஏன்? திருவிதாங்கூரின் தலைநகரம் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வரை பத்மநாபபுரம். அந்த அரண்மனை இன்றைக்கு இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில். ராஜ்யத்துக்குச் சோறு போட்டது நாஞ்சில்நாட்டு வயல். நம்மாழ்வார் இந்த ஊர்ப் பெருமாளைத் தமிழில்தான் பாடினார். இன்று தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாக இருக்கும் தமிழ்த்தாய் வாழ்த்து, ‘மனோன்மணீயம்’ நாடகத்திலிருந்து எடுத்தது. அதை 1891-ல் வெளியிட்ட சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதே ஊர் மகளிர் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். இவர்களெல்லாம் பிழைக்க வந்தவர்களா? 1956 நவம்பர் 1 அன்று கோடு நகர்ந்தது. நாம் நகரவில்லை.

அந்தக் கோட்டுக்காகப் போராடியவர்கள் உண்டு. 1945-ல் தொடங்கிய அமைப்பு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸாக வளர்ந்தது. வக்கீல் நேசமணி அதற்குத் தலைமை ஏற்றார். 1954-ல் தேவிகுளத்தில் தடையை மீறிக் கைதானார். அந்த ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் பட்டம் தாணுப்பிள்ளை அரசின் போலீஸ் சுட்டதில் பலர் செத்தார்கள். முதல்வரின் சொந்தக் கட்சித் தலைவர் லோகியாவே ராஜினாமா செய்யச் சொன்னார். கடைசியில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. அங்கே தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் தமிழர்கள் வந்து போகிறவர்கள் என்று மாநில மறுசீரமைப்பு ஆணையம் கருதியது. அந்த ‘வந்து போகிறவர்களின்’ பேத்திகள்தான் 2015 செப்டம்பரில் மூணாறு ரோட்டை மறித்து உட்கார்ந்து ‘பெண்கள் ஒற்றுமை’ என்று முழு இந்தியாவையும் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். அறுபது வருஷம் வந்து போய்க்கொண்டே இருந்தார்கள் போலிருக்கிறது!

எல்லை முடிந்த கதை. அதைத் திறக்கச் சொல்லி நான் எழுதவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் விடப்பட்டவர்கள் என்ன செய்தோம் என்பதுதான் என் கேள்வி.

அதற்கு வடக்கே போகவேண்டும். காசர்கோடு. 1956 வரை சென்னை மாகாணத்தின் தென்கன்னட மாவட்டத்தில் இருந்த தாலுகா, கேரளத்துக்குப் போனது. அங்கே பதியட்கா பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். கையார கிஞ்ஞண்ண ராய். கன்னடக் கவிஞர், சுதந்திரப் போராட்டக்காரர், பஞ்சாயத்துத் தலைவர். 1969-ல் மத்திய அரசின் நல்லாசிரியர் விருது வாங்கியவர். 1915-ல் பிறந்து 2015 ஆகஸ்டில் நூறு வயதில் இறந்தார். காசர்கோட்டைக் கர்நாடகத்தோடு சேர்க்கவேண்டும் என்று அறுபது வருஷம் விடாமல் பேசினார், எழுதினார், ஊர்வலம் போனார். வகுப்பும் எடுத்தார். மகாஜன் ஆணையம் 1967-ல் சந்திரகிரி ஆற்றுக்கு வடக்கே உள்ள பகுதியை மைசூருக்குக் கொடுக்கலாம் என்று சொன்னது. நடக்கவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை நடக்கவில்லை. கேட்டது கிடைக்காமலே செத்தார் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அவரும் அவரைப் போன்ற வாத்தியார்களும் வளர்த்த ஊர் எப்படி இருக்கிறது பாருங்கள். கன்னட வழி வகுப்புக்குக் கன்னடம் தெரியாத ஆளை நியமித்தால் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே வந்து உட்காருகிறார்கள். பெற்றோர் நீதிமன்றம் போகிறார்கள். 2017-ல் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கியபோது காசர்கோட்டில் போராட்டம் நடந்தது. 2025 அக்டோபரில் கேரள சட்டமன்றம் புதிய மலையாள மொழி மசோதாவை நிறைவேற்றியபோது மறுபடி அங்கிருந்துதான் குரல். 2026 ஜனவரியில் கர்நாடக முதல்வராக சித்தராமையா எதிர்த்துக் கடிதம் எழுத, தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு அதில் பாதுகாப்பு இருக்கிறது என்று பினராயி விஜயன் பதில் சொல்ல வேண்டிவந்தது. கவனித்தீர்களா? அந்தப் பதிலில் ‘தமிழ்’ என்ற வார்த்தை வந்தது, கன்னடக்காரன் சத்தம் போட்டதால்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 5 லட்சத்து 2 ஆயிரம் சொச்சம். கன்னடம் ஏறக்குறைய 80 ஆயிரம். நாம் ஆறு மடங்கு. 2001-ல் நாம் கிட்டத்தட்ட 5 லட்சத்து 97 ஆயிரம். பத்து வருஷத்தில் தொண்ணூறாயிரத்துக்கு மேல் காணவில்லை. தோட்டத்திலிருந்து ஊர் திரும்பியவர்கள் இருப்பார்கள், என்னைப் போலப் பறந்தவர்கள் இருப்பார்கள். ஆனால் கணக்கெடுக்க வந்தவரிடம் ‘மலையாளம்னு போட்டுக்கோங்க, என்ன இப்போ’ என்று சொன்ன வீடுகள் எனக்கே தெரியும். ஒன்று என் சித்தப்பா வீடு.

‘கேரளாக்காரன் தமிழை ஒழிக்கிறான்’ என்று சென்னையிலிருந்து ஒருவர் உடனே எழுதுவார். கொஞ்சம் பொறுங்கள் ஸார். கேரள அரசு தமிழ் வழிப் பள்ளி நடத்துகிறது. சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளி என்ற பெயரோடே ஒன்று இருக்கிறது. தமிழில் பாடநூல் அச்சிடுகிறது. எஸ்.எஸ்.எல்.சி.யைத் தமிழில் எழுதலாம். பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை இருக்கிறது. இதெல்லாம் போதும் என்று நான் சொல்லவில்லை. புத்தகம் லேட்டாக வரும், ஆசிரியர் இடம் காலியாகக் கிடக்கும், கேள்வித்தாளில் மொழிபெயர்ப்பு சிரிப்பாய்ச் சிரிக்கும். ஆனால் இதற்கெல்லாம் சண்டை போட வகுப்பில் பிள்ளை இருக்கவேண்டும். பிள்ளையை எடுத்துக்கொண்டு போனபிறகு புத்தகம் லேட் என்று யார் புகார் செய்வது?

சட்டமும் நம் பக்கம்தான். அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்யச் சொல்கிறது. 350-பி பிரிவின் கீழ் மொழிச் சிறுபான்மையினருக்கென்று ஆணையரே 1957-லிருந்து உண்டு. இரண்டும் 1956-ல், மாநிலங்களைப் பிரித்த கையோடு, நம்மைப் போலக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டியவர்களுக்காகச் சேர்த்தவை. ஒரு பள்ளியில் 40 பிள்ளைகளோ ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ கேட்டால் தாய்மொழியில் சொல்லிக் கொடுக்க ஆசிரியர் வேண்டும் என்று 1949-லேயே கல்வி அமைச்சர்கள் கூடி ஒப்புக்கொண்டார்கள். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வரவேண்டும். கிழக்கேகோட்டையிலிருந்து எம்.ஜி. ரோட்டில் நேரே நடந்தால் சுமார் இரண்டு கிலோமீட்டரில் தலைமைச் செயலகம். நம் குடும்பங்களில் எத்தனை பேர் அந்த இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தமிழ்க் காகிதம் அனுப்பியிருக்கிறோம்? நான் கேட்டுப் பார்த்த பதினோரு வீட்டில் பூஜ்யம். சட்டம் இருப்பதே ஒன்பது வீட்டுக்குத் தெரியாது. எங்கள் தமிழ் ஸாருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் அடம் பிடித்துத் தமிழில் மனு எழுதியதற்கு அர்த்தம் எனக்கு இந்த வயதில்தான் புரிகிறது.

தமிழ்நாட்டு அரசியல்வாதிகளைப் பற்றி ஒரு வரி போதும். முல்லைப் பெரியாறு என்றால் நமக்காகத் தொண்டை கிழியும், தமிழ் டிவிஷன் விழுந்தால் காது கேட்காது. ஆனால் அந்தப் பக்கமும் கை சுத்தம் இல்லை. 2006-ல் தமிழ்நாடு கொண்டுவந்த தமிழ் கற்றல் சட்டத்தால் ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்குப் பிள்ளையும், உருது பேசுகிற பிள்ளையும், எல்லையோரத்து மலையாளப் பிள்ளையும் தவித்து, நீதிமன்றப் படியேறினார்கள். அதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, 2017-ல் கேரளம் அதையே செய்தபோது ‘ஐயோ’ என்றால் எப்படி? காசர்கோட்டுக் கன்னடப் பிள்ளைக்கு நியாயம் என்றால் ஓசூர்த் தெலுங்குப் பிள்ளைக்கும் நியாயம்தான். இதைச் சொன்னதற்காக என்னைத் தமிழ்த் துரோகி என்பவர்கள் வரிசையில் வரவும் :-)

இன்னொரு வாதம் நம் வீடுகளிலேயே கேட்கும். ‘கேரளத்தில் இருந்துகொண்டு மலையாளம் படிக்காமல் எப்படி?’ யார் படிக்க வேண்டாம் என்றது? எங்கள் ஸார் வகுப்பிலேயே மலையாளமும் உண்டு. அவரே பஷீரைப் படித்துவிட்டுக் கதை சொல்வார். நான் இன்றைக்கும் மலையாளம் நன்றாகப் படிப்பேன், அதில் எனக்குச் சந்தோஷம்தான். இரண்டு மொழியும் தெரிந்தவன் ஒரு மொழிக்காரனை விடக் குறைந்தவன் என்று நம் அப்பாக்களுக்கு யார் சொன்னது? அட்டக்குளங்கரை பள்ளி நிலத்தில் பஸ் நிலையமும் கடை வளாகமும் கட்டப் பார்த்தபோது, தள்ளாத வயதில் வந்து குறுக்கே நின்றது மலையாளக் கவி சுகதகுமாரி. அந்தப் பள்ளி எங்கள் கிழக்கேகோட்டையின் வாசலில் இருக்கிறது. எங்கள் கடைக்காரர்களில் அன்றைக்கு அங்கே போனவர்கள் எத்தனை பேர் என்று தம்பியிடம் கேட்டேன். ‘வியாபார நேரம்லா’ என்றான்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த எலக்ட்ரீஷியனிடம் இதில் கால்வாசிதான் ஜெர்மனில் சொல்ல முடிந்தது. அவர் பதிலுக்கு மாசிடோனியா கதை சொன்னார். 1994 டிசம்பரில் டெட்டோவோ என்ற ஊரில் அல்பேனியர்கள் தாங்களே ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். அரசு சட்டவிரோதம் என்றது. அதன் தலைவர் ஃபாடில் சுலேமானியை 1995-ல் ஜெயிலில் போட்டார்கள். 2004-ல் அதே அரசு அதையே அரசுப் பல்கலைக்கழகமாக ஏற்றுக்கொண்டது. ‘ஜெயிலுக்குப் போகாமலே உங்களுக்குப் பள்ளி கிடைத்ததா?’ என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

நம்மை யாரும் ஜெயிலில் போடவில்லை. யாரும் சுடவில்லை, பள்ளிக்குப் பூட்டும் போடவில்லை. நாம் மொழியை விட்டது கட்டண ரசீதோடு. இப்போது அதே நாம், ஆயிரக்கணக்கான மைல் தாண்டி, டிராம் பிடித்து, குளிரில் பிள்ளையை இழுத்துக்கொண்டு, ஈழத்து டீச்சர் காலில் விழாத குறையாக ‘எப்படியாவது அ, ஆ சொல்லிக் கொடுங்க’ என்கிறோம். ஊரில் இலவசமாக, நடக்கிற தூரத்தில் இருந்ததை வேண்டாம் என்றவர்கள்!

அன்றைக்கு ராத்திரி தம்பிக்குப் போன் போட்டேன். கடையை இப்போது அவன்தான் பார்க்கிறான். அவன் மகன் ஜூனில் ஐந்தாம் வகுப்பு. தமிழ் வழி வேண்டாம் என்றால் போகட்டும், முதல் மொழிப் பாடமாகத் தமிழை எடுக்கலாமே, ஆள் சேர்ந்தால் பள்ளியில் கேட்கலாமே என்றேன்.

‘நீ ஸ்விட்சர்லாந்துல இருந்து சொல்லுவே. உன் மகளை இங்க கொண்டுவந்து சேரு, நானும் சேர்க்கேன்’ என்றான்.

எனக்குப் பதில் இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அவனும் வைக்கவில்லை. பிறகு அவனே, ‘அந்த தமிழ் ஸார் கடைக்கு வந்தது ஞாபகம் இருக்கா? நீ மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தே’ என்றான். ஒளியவில்லை, உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். அவனுக்குப் பணம் அனுப்புவதாகச் சொன்னேன். பணம் எதுக்கு, சைக்கிளா வாங்கணும் என்றான்.

பள்ளிக்கும், தலைமைச் செயலகத்துக்கும் எழுதவேண்டிய கடிதத்தைத் தமிழில் நான் எழுதினேன். மகள் படித்துப் பார்த்து மூன்று இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். திருத்தி அனுப்பினேன்.

நேற்று தம்பியிடமிருந்து மெசேஜ்: ‘சாலையில் நாலு வீடு சரின்னுட்டாங்க. கரிமடத்துல ரெண்டு. மணக்காட்டுல ஞாயித்துக்கிழமை போறேன்.’